டிக்கெட் செக்கர் கன்சல்டண்ட் ஆனபோது

அடுத்தவர் தொழிலில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று கண்டுபிடித்துச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவருக்கு மேனேஜ்மெண்ட் கன்சல்டண்ட் என்று பெயர். அதையே சம்பளம் வாங்காமல் சொன்னால் அதிகப்பிரசங்கி என்று பெயர்.

நான் பன்னிரண்டு வருஷம் தனியார் பஸ் கம்பெனி ஒன்றில் டிக்கெட் செக்கராக இருந்தவன். வில்லியனூர், பாகூர் பக்கம் ஓடும் பஸ்களை நடுவழியில் கை காட்டி நிறுத்தி ஏறுவேன். டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்திருப்பது யார், டிக்கெட் கிழிக்காமல் பையில் போட்டுக்கொள்கிற கண்டக்டர் யார் என்று பிடிப்பேன். கூடவே தபால் வழியில் தொழில் நிர்வாகத்தில் ஒரு டிப்ளமாவும் வாங்கி வைத்திருந்தேன். இரண்டு வேலையும் ஓட்டை கண்டுபிடிப்பதுதானே, இங்கிருந்து அங்கே தாவினால் என்ன என்று எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு ஆசை வந்தது. நாற்பதை நெருங்கும் வயதில் தொழில் மாறி, தெரிந்தவர் தெரியாதவர் எல்லாரிடமும் சிறுமைப்பட்ட அன்பர்கள் யாராவது இதைப் படித்தால் என் வயிற்றெரிச்சல் புரியும். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போங்கள்.

மறைக்க வேண்டிய அனுபவம்

புதுச்சேரி டவுனில் சென்னைக்காரர் ஒருவர் கன்சல்டன்சி தொடங்கியிருந்தார். எல்லாரும் அவரை டைரக்டர் என்றுதான் சொல்வோம். அந்தச் சமயம் நம் பக்கத்துக் கிராமங்களில் புதிது புதிதாகத் தொழிற்சாலைகள் முளைத்துக்கொண்டிருந்தன. உள்ளூர் ஜனங்களை அறிந்த, நாலு இடத்தில் அடிபட்ட அனுபவசாலி தேவை என்று விளம்பரம் கொடுத்திருந்தார். நான் இருக்கிற சட்டைகளில் நல்லதைப் போட்டுக்கொண்டு போனேன். எந்தக் கல்லூரி என்று கேட்டார். பி.யு.சி.யோடு நின்றுவிட்டேன் என்றேன். அதன்பிறகு பஸ்ஸைப் பற்றி அரைமணி நேரம் ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வேலை கொடுத்தார். ஆனால் ஆறு மாதம் தற்காலிகம். அதற்குள் ஏதாவது ஒரு வாடிக்கையாளர், அடுத்த வேலைக்கும் இவரையே அனுப்புங்கள் என்று என் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நடையைக் கட்ட வேண்டியதுதான். பஸ் கம்பெனியில் நான் ராஜினாமா கொடுத்த மறுவாரமே முதலாளியின் மைத்துனன் என் சீட்டில் ஏறிவிட்டான். திரும்பிப் போக வழியில்லை. பெண்டாட்டியிடம் இந்த ஆறு மாதச் சங்கதியைப் பற்றி நான் மூச்சு விடவில்லை. கிளம்பும்போது டைரக்டர் என் கையைக் குலுக்கிச் சொன்னார்: "உங்க அனுபவம்தான் மிஸ்டர் அருள்தாஸ் எங்களுக்குப் பெரிய பலம். ஆனா கிளையண்ட் யாராவது கேட்டா, பஸ்ல இருந்தேன்னு மட்டும் தயவுசெஞ்சு சொல்லிடாதீங்க."

கேட்டருகே வரிசை

முதல் வேலை வில்லியனூர்ப் பக்கம் ஒரு பிஸ்கட் கம்பெனியில். ஆட்கள் எந்நேரம் வருகிறார்கள், எங்கே தேங்கி நிற்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். என்னோடு சேகர் வந்தான். எம்.பி.ஏ. படித்தவன், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன், வெயிலிலும் டை கட்டுவான். இருவரும் காலையில் கேட் ஓரமாக நின்றோம். நான் டைரக்டர் சொன்னபடி பஸ்ஸை மறைத்து, யாராவது கேட்டால் 'டிரான்ஸ்போர்ட் துறை' என்று மட்டும் சொல்கிற முகத்தோடு நின்றேன்.

முதலில் வந்த அம்மாள் என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டு நின்றாள். சுருக்குப்பையை அவிழ்த்துத் துழாவி, காலையில் வந்த பஸ் டிக்கெட்டை எடுத்து என் முன்னால் நீட்டினாள். நானும் பாழாய்ப்போன பழக்கத்தில் கையை நீட்டி வாங்கிவிட்டேன்! வாங்கியது மட்டுமா, திருப்பிப் பார்த்துக் கிழிக்கவும் போனேன். பின்னால் வந்தவர்கள் என்ன ஏது என்று கேட்காமல் ஆளுக்கொரு டிக்கெட்டோடு வரிசை கட்டிவிட்டார்கள். டிக்கெட்டைத் தொலைத்த இருவர் ஓரமாக நழுவி வந்த வழியே திரும்பிப் போனார்கள். அன்றைக்கு வேலைக்கு ஆள் குறைந்ததற்கு நானே காரணம் என்று கம்பெனி மேனேஜர் எகிறினார். சேகர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டான். முதலில் வந்த அந்த அம்மாள் கம்பெனி மொத்தமும் கேட்கும்படி சத்தம் போட்டாள்: "இன்னா செக்கரு, பஸ்ஸுலதான் உசுர வாங்குறன்னா வேலை செய்யற எடத்துலயுமா வந்து நிப்ப?"

கொல்லைப்பக்க விருந்து

அடுத்தது பாகூரில் ஒரு அரிசி ஆலை. வாடகைக் காரில் போனோம். ஆலைக்கு உள்ளேயே முதலாளி வீடு. அவர் வாசலுக்கு வந்து சேகரின் டையைப் பார்த்தார், என் கால்செருப்பைப் பார்த்தார். சேகரைத் தோளில் கை போட்டு உள்ளே அழைத்துப் போனார். எனக்கு, காரை நிழலில் விடச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டுப் போனார். காரின் நிஜமான டிரைவர் புளியமரத்தடியில் படுத்து என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

மதியம் முதலாளியின் மனைவி, 'டிரைவரு' என்று கூப்பிட்டு என்னைக் கொல்லைப்பக்கம் உட்காரவைத்துச் சோறு போட்டார். அந்த அம்மா பாவம், பாசமாகத்தான் போட்டார். கறிக்குழம்பு நன்றாகவே இருந்தது, மறுசோறும் வாங்கினேன். அதற்காகக் கோபம் தணிந்துவிடுமா? காலையிலிருந்து நெல் ஊறும் தொட்டியடியில் முழங்கால் ஈரத்தோடு நின்று குறிப்பு எடுத்தவன் நான். உள்ளே மின்விசிறிக்கடியில் அதைப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தவன் சேகர். திரும்பி வரும்போது, நானும் கன்சல்டண்ட்தான் என்று ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா என்று கேட்டேன். அவன் டையைத் தளர்த்திக்கொண்டு நிதானமாகச் சொன்னான்: "சொல்லியிருப்பேன் சார். உடனே அவர் எங்க எம்.பி.ஏ. படிச்சாருன்னு கேப்பாரு. அப்ப என்ன சொல்றது?"

முதலாளி சும்மா இருக்கும் நாள்

நாலு மாதம் ஓடிப்போயிற்று. என் பெயரைச் சொல்லி ஒரு ஈ காக்கை கேட்கவில்லை. வீராம்பட்டினத்தில் ஐஸ் ஃபேக்டரி வைத்திருந்த ஒருவர் மட்டும்தான் என்னிடம் கொஞ்சம் சிரித்துப் பேசினார். அவருக்கு நாங்கள் தயாரித்த அறிக்கையை விளக்கிச் சொல்ல ஒரு நாள் வேண்டும். மனுஷன் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு திரிகிறவர், ஓரிடத்தில் நிற்க மாட்டார். நான் மூளையைக் கசக்கி ஒரு நாள் குறித்துக் கொடுத்தேன். அன்றைக்கு ஊரில் யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். ஐஸ் கேட்டு ஒரு வண்டி வராது. முதலாளி வேலை வெட்டி இல்லாமல் சும்மாதான் இருப்பார், ஆற அமர உட்கார்ந்து கேட்பார் என்று டைரக்டரிடம் அடித்துச் சொன்னேன். சென்னைக்காரரான டைரக்டருக்கு இந்த ஊர் விஷயமெல்லாம் தெரியாது, என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சினார்.

ஏன் கடலுக்குப் போகமாட்டார்கள்? அன்று ஆடி ஐந்தாம் வெள்ளி. செங்கழுநீரம்மன் தேர். மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரனான எனக்கு அது 'ஐஸ் விற்காத நாள்' என்றுதான் நினைவிருந்ததே தவிர, ஊரே தெருவில் நிற்கும் நாள் என்பது மண்டையில் ஏறவில்லை. பாதி வழியிலேயே கார் நின்றுவிட்டது. டைரக்டர், சேகர், நான், ஆளுயரச் சுருளில் வரைபடங்கள் எல்லாமாகக் கூட்டத்தில் பிதுங்கி நசுங்கித் தேரடிக்குப் போய்ச் சேர்ந்தோம். டைரக்டரின் மூக்குக்கண்ணாடி எங்கேயோ போய்விட்டது. முதலாளி வெற்று மார்பும் சந்தனமுமாக வடத்தைப் பிடித்து நின்றார். அந்த இரைச்சலிலும் டைரக்டர் விடாமல், சார் உங்க புரொடக்ஷன் காஸ்ட் விஷயமா என்று ஆரம்பித்தார். முதலாளி ஒரு கையால் என் சட்டையைப் பிடித்து இழுத்து வரிசையில் நிறுத்திச் சொன்னார்: "ஆலோசனை எங்க போவப் போவுது, அதெல்லாம் அப்பால பாக்கலாம்பா! மொதல்ல எல்லாரும் வடத்தப் புடிங்க!"

ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை

கடைசி மாதம் வந்துவிட்டது. தூக்கம் போயிற்று. அந்த நேரம் பார்த்து எங்கள் ஆபீஸ் படியேறி வந்தவர் யார் என்கிறீர்கள்? என் பழைய பஸ் முதலாளி ஏழுமலை! போட்டிக் கம்பெனி பஸ் தன் வசூலை அள்ளிக்கொண்டு போகிறது, வழி சொல்லுங்கள் என்று வந்திருந்தார். டைரக்டருக்கு என்னை அனுப்ப மனமில்லை. சேகர் தங்கை கல்யாணத்துக்குச் சென்னை போயிருந்ததால் வேறு வழியில்லாமல் அனுப்பினார். நான் ஒரு வாரம் அதே பஸ்களில் ஏறி இறங்கினேன். கண்டக்டர்கள் என் காதுபடவே சிரித்தார்கள்.

எழுத எனக்குப் புதிதாக எதுவும் இல்லை. வில்லியனூர் மாதா கோயிலில் ஞாயிற்றுக்கிழமை ரெண்டாம் பூசை முடிந்து ஜனம் வெளியே வருவதற்குப் பத்து நிமிஷம் முன்பே ஏழுமலையின் பஸ் காலியாகக் கிளம்பிவிடும். பின்னால் வருகிற போட்டி பஸ் அத்தனை பேரையும் ஏற்றிக்கொண்டு போகும். அந்தப் பூசைக்குப் போகிறவன் நான். வருஷக்கணக்காக ஏழுமலையிடம் இதைக் கரடியாய்க் கத்தியிருக்கிறேன். அது அவருடைய காலமான அப்பா வைத்த நேரம். "எங்க அப்பா வெச்ச டைம மாத்தச் சொல்ல நீ யாருடா?" என்று ஒவ்வொரு தரமும் விரட்டுவார். ஒருமுறை கணக்குப்பிள்ளை முன்னாலேயே விரட்டினார். இப்போது அதே சங்கதியை இங்கிலீஷில் டைப் அடித்து, நீல அட்டை போட்டு, டைரக்டர் தொண்டையைக் கனைத்துப் படித்து, தமிழிலும் சொன்னார். பூசை முடிந்து கால்மணி கழித்து பஸ் கிளம்ப வேண்டும், அதற்கு அனுமதி கேட்டு எழுத வேண்டும், அவ்வளவுதான்.

ஏழுமலை அட்டையைத் தடவித் தடவிப் பார்த்தார். அப்பா பேச்சே எடுக்கவில்லை. "சபாஷ்!" என்று தொடையில் தட்டினார். யார் பார்த்த வேலை என்று கேட்டார். டைரக்டர் என்னைக் காட்டினார். "மத்த ரூட்டெல்லாம் பாக்கணும் சார், அதுக்கும் எங்க அருள்தாஸயே அனுப்புங்க" என்றார் ஏழுமலை. என் பெயர்! வாடிக்கையாளர் வாயால்! டைரக்டர் அந்த இடத்திலேயே எழுந்து எனக்குக் கை கொடுத்தார், வேலை நிரந்தரம். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஏழுமலை புறப்பட எழுந்தவர் என் பக்கம் திரும்பினார். முகத்தில் நிஜமான வருத்தம். என் தோளைப் பிடித்து உலுக்கிக் கேட்டார்: "ஏன்டா, பன்னண்டு வருசம் என் சோத்தத் தின்னியே, இத ஒரு நாளாச்சும் என்னாண்ட வாயத் தொறந்து சொன்னியாடா நீ?"

வேலை நிரந்தரமாகி, அதிலேயே ரிட்டயரும் ஆகிவிட்டேன், ஆனால் அன்று டைரக்டர் முகத்துக்காகச் சிரித்துக்கொண்டே விழுங்கிய பதில்தான் இன்றுவரை செரிக்கவில்லை.