பாலத்தில் நான் நிறுத்தி வைத்தவள்

சத்தியமாக நடந்தது. நான் கதை எழுதுகிறவன், அதனால் நம்ப மாட்டீர்கள். பரவாயில்லை, என் நண்பன் கிட்டுவும் என்னை நம்பியதில்லை. அவன் இப்போது எங்கே என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

2005. புனேயில் தமிழர்களுக்குச் சங்கம் இருந்தது, இட்லி மாவு கிடைத்தது. பேய் மட்டும் இல்லை. உள்ளூர்ப் பேய்கள் எல்லாம் மராத்தி. இந்தக் குறையைப் போக்க, சங்கத்தின் ஆண்டு மலரில் ஒரு கதை எழுதினேன். ஹடப்சர் கால்வாய்ப் பாலத்தில், ஈரச் சேலையோடு ஒரு திருநெல்வேலிக்காரி. வண்டியை மறித்து, "நீங்க தமிழா?" என்பாள். வெளியூரில் இந்தக் கேள்வியைக் கேட்டால் வாய் தானாகத் திறந்துவிடும், இல்லையா? 'ஆமாம்' என்றால் பின்னால் ஏறிக்கொள்வாள். அப்புறம் இறங்க மாட்டாள். எப்படி இறக்குவது என்று நான் எழுதவில்லை. இரண்டு பக்கத்துக்கு மேல் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

மூன்றே மாதம். பாலத்துக் கம்பியில் யாரோ எலுமிச்சையும் மிளகாயும் கட்டினார்கள். இருட்டினால் ஆட்டோக்காரர்கள் அந்தப் பக்கம் வர மறுத்தார்கள். என் வகுப்பு மராத்திப் பையன் ஒருவன், தன் மாமா அவளைப் பார்த்ததாக என்னிடமே சொன்னான். எனக்குச் சிலிர்த்தது. பெருமையில்தான்.

ஆனால் மராத்திக்குப் போனபோது அந்தக் கேள்வி உதிர்ந்துவிட்டது. அவர்கள் கதையில் அவள் வெறுமனே கைகாட்டுவாள். கிட்டுவுக்குத் தெரிந்தது அந்தக் கதைதான். புனேயில் பிறந்தவன். தமிழ் படிக்க வராது. பேசுவதே தடுக்கித் தடுக்கி.

ஜூலை. மழை. கரண்ட் இல்லை. இரவு ஏழே முக்கால்.

கிட்டுவின் ஸ்கூட்டர் பாலத்தின் நடுவில் நின்றது. தள்ளுவதற்காக நான் இறங்கினேன்.

சளக்... சளக்... ஈரச் செருப்பு.

"தம்பி... நீங்க தமிழா?"

"வாயைத் திறக்காதடா," என்றேன்.

"அரே, தமிழ்க்காரங்கடா!" கிட்டுவுக்கு முகமெல்லாம் பல். "ஆமா ஆன்ட்டி! நாங்க தமிழ்தான்!"

வண்டி தானாகக் கிளம்பியது.

பின்சீட் அழுந்தியது.

"உக்காந்துட்டியா? போலாமா?" என்றான் கிட்டு, திரும்பாமல்.

நான் தரையில் நின்றிருந்தேன்.

"போலாம்."

பின்சீட்டிலிருந்து... என் குரல்.

காலையில் கிட்டுவின் அம்மா வனஜா மாமி போன் செய்தாள்.

"என்னடா சொல்லிக் குடுத்தே அவனுக்கு? கிட்டு தமிழ்ல பொளந்து கட்டறான்! 'எப்ப வந்திய, எங்க போறிய'ங்கறான். கும்பகோணத்துக்காரா ஆத்துல திருநெல்வேலித் தமிழ்! மலரை எடுத்து வெச்சுண்டு கடகடன்னு படிக்கறான்டா! வாசப்படிய விட்டு நகர மாட்டேங்கறான்!"

மாமி அழுதாள். சந்தோஷத்தில்.

அன்றே முடிவை எழுதினேன். பாலம் தாண்டி மகர்பட்டா குடியிருப்பின் வாசல் வந்ததும் அவள் இறங்கிவிடுகிறாள். மலர் மறுபடி வருவது அடுத்த வருஷம்தான். அதனால் ஆட்டோ ஸ்டாண்டில் நானே போய்ச் சொன்னேன்.

ஓட்டுநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஊருக்குப் புதுசா? அவ இறங்கவே மாட்டா. புனே முழுக்கத் தெரியும்," என்றார் மராத்தியில்.

"யார் சொன்னது?"

வேறொன்று சொன்னார். நேற்றிலிருந்து பாலத்தில் அவள் இல்லையாம். ஒரு பையன் நிற்கிறானாம், ஸ்கூட்டர் இல்லாமல். வண்டிகளை மறித்து, மதராஸி பாஷையில் ஏதோ கேட்கப் பார்க்கிறானாம்.

தடுக்கித் தடுக்கி...

முழுசாகக் கேட்க வரவில்லையாம்.