வெறுந்தண்ணீரும் மின்னியபோது

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானச் சாப்பாடு முடிந்து சற்றே சாயலாம் என்று பார்த்தால், பூங்கொடி என் கையைப் பிடித்து இழுத்துப்போய் பாத்ரூமுக்குள் விட்டு, கதவைச் சாத்தினாள்!

பதற வேண்டாம். பூங்கொடி என் மனைவிதான். நாமக்கல்லில் ஒரு கல்லூரியில் கெமிஸ்ட்ரி ஆசிரியை. நாற்பத்து மூன்று வயதில் பிஹெச்.டி. செய்கிறாள். 'ஒரு நடை வந்து பாருங்க' என்று எட்டு மாதமாகக் கூப்பிட்டும் நான் லேபுக்குப் போகவில்லை. அதனால் லேபே வீட்டுக்கு வந்துவிட்டது. பட்டப்பகலில் எங்கள் வீட்டில் இருட்டாக இருக்கிற ஒரே இடம் அந்த பாத்ரூம்.

ஒரு கையில் சின்னக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே டீ டிகாக்‌ஷன் நிறத்தில் ஏதோ தண்ணீர். இன்னொரு கையில் யூவி டார்ச் — கள்ள நோட்டைக் கண்டுபிடிக்க வைத்திருப்பார்களே, அது. டார்ச்சை அடித்தாள். பழுப்புத் தண்ணீர்... நீலமாக ஒளிர்ந்தது!

"வெத்தலைங்க! நம்ம வேலூர் வெத்தலை!"

பரமத்தி வேலூர் வெற்றிலையை அரைத்து, தண்ணீர் ஊற்றி, இறுக மூடிய ஸ்டீல் பாத்திரத்தில் அடைத்து, ஓவனில் நூற்றெண்பது டிகிரியில் மணிக்கணக்கில் வேகவிடுவாளாம். பிரஷர் குக்கரின் அண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். இலை கரியாகி, கண்ணுக்கே தெரியாத துகள்களாகிவிடும். பெயர் கார்பன் டாட். தலைமுடியின் தடிமனைப் பத்தாயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு துகள். ஆனால் யூவி பட்டால் மின்னும். தண்ணீரில் இரும்பு கலந்திருந்தால் அந்த மினுக்கம் மங்கும்.

எருமப்பட்டியில் அவள் அண்ணன் தோட்டத்து போர் தண்ணீர், குடத்தையெல்லாம் செங்கல் நிறமாக்கிவிடும். அந்த மாதிரித் தண்ணீரை யார் வேண்டுமானாலும் மலிவாகச் சோதிக்க ஒரு வழி... அதுதான் பூங்கொடியின் கனவு. கட்டுரையை ஜர்னலுக்கு அனுப்பப் பத்தே நாள் பாக்கி.

நானும் டார்ச்சை வாங்கி அடித்துப் பார்த்தேன். வெளிச்சம் தவறி என் வேட்டியில் விழுந்தது. வேட்டியும் நீலமாக ஜொலித்தது! "அட, நானும் கார்பன் டாட்தான் போலிருக்கு!" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை.

"ஏனுங்க... இது சோப்புத் தூள்ல தொவச்சதுங்களா?"

"ஆமா. வேற எதுல?"

அவள் முகம் செத்துவிட்டது. துணி பளிச்சென்று தெரிய சோப்புத் தூளில் ஒரு ரசாயனம் சேர்க்கிறார்கள். அதுவும் யூவியில் நீலமாகத்தான் மின்னும். லேபில் பாத்திரம் கழுவுவதும் சோப்புத் தூளில்தான்!

மறுநாள் வெற்றிலை போடாமல், வெறுந்தண்ணீரை அதே பாத்திரத்தில் வேகவைத்தாள். சாயங்காலம் போன் வந்தது. "வெறுந்தண்ணியும் மின்னுதுங்க." பாத்திரம் புதிதாக இருந்தபோது இந்தச் சோதனையைச் செய்தாளாம். அப்போது மின்னவில்லை. அதன்பிறகு செய்யவே இல்லை.

வீட்டுக்கு வந்தவள் சாப்பிடவில்லை. எனக்குத் தாங்கவில்லை. "யாருக்குத் தெரியப்போகுது? வெத்தலையும் கொஞ்சம் மின்னத்தானே செய்யும்? அனுப்பிடு" என்றேன். சொன்னது வேறு யாருமில்லை — வாராவாரம் இந்தப் பக்கத்தில் உங்களுக்கு நேர்மையைப் பற்றி வகுப்பெடுக்கும் இதே ஆசாமிதான்!

பூங்கொடி என்னை நிமிர்ந்து பார்த்தாள். "நாளைக்கு என்ற அண்ணன் இத நம்பித்தானுங்க தண்ணி குடிப்பாரு?"

அவள் சேலத்திலிருக்கும் தன் கைடு மேடத்துக்கு போன் போட்டு, ஒன்றுவிடாமல் சொன்னாள்.

மேடம் கேட்டது ஒரே கேள்வி. "எத்தனை பாத்திரம் இருக்கு?"

"நாலுங்க மேடம்."

"நாலையும் ஆசிட்ல ஊறப்போடு. கட்டுரை எங்கேயும் ஓடிப்போகாது."

மூன்று வாரம் அதே வேலை. ஊறவைப்பது, டிஸ்டில்டு வாட்டரில் அலசுவது, வெறுந்தண்ணீரை வேகவைத்துப் பார்ப்பது. தண்ணீர் மின்னாமல் அடங்கியபிறகுதான் வெற்றிலை. போன வியாழக்கிழமை, கூப்பிடாமலேயே நானும் லேபுக்குப் போனேன். வெற்றிலை மின்னாவிட்டால்? அந்தப் பயத்தை இருவருமே வாய்விட்டுச் சொல்லவில்லை.

ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். முதல் பாட்டில், வெறுந்தண்ணீர். இருட்டு. இரண்டாவது பாட்டிலை எடுத்தவள் டார்ச்சை என்னிடம் நீட்டினாள். "நீங்களே போடுங்க."

போட்டேன். மின்னியது! முன்பு மாதிரி கண்ணைப் பறிக்கவில்லை. பாதிதான் இருக்கும். ஆனால் அத்தனையும் வெற்றிலை.

அடுத்து, ஒளியை அளக்கும் மெஷினில் வைத்தாள். உள்ளே விடுகிற ஒளியை மாற்ற மாற்ற, வெளியே வருகிற நிறமும் மாற வேண்டுமாம். கார்பன் டாட்டுக்குப் பெரும்பாலும் அதுதான் குணம். பழைய சாம்பிள் நீலத்தை விட்டு அசையவே இல்லை. அது சோப்பின் வேலை என்று தெரியாமல் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தாள். இப்போது மெஷின் திரையில் ஒளியைக் காட்டும் கோடு நீலத்திலிருந்து மெல்ல மெல்லப் பச்சைப் பக்கம் போனது.

"நகருதுங்க! நகருதுங்க!"

பக்கத்து அறையிலிருந்து இரண்டு ஆசிரியைகள் என்னவோ ஏதோவென்று ஓடிவந்துவிட்டார்கள்.

இரும்புச் சோதனையை இனி முதலிலிருந்து செய்ய வேண்டும். இன்னும் ஆறு மாதமாவது ஆகும் என்கிறாள். சொல்லும்போது முகத்தில் துளி சலிப்பில்லை.

பஸ்ஸில் திரும்பும்போது அவளைப் பாராட்டி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கணவன்மார்களுக்கு அப்படியொரு வியாதி உண்டே!

போகட்டும்... இந்தப் பக்கத்தை வாராவாரம் முதலில் படிக்கிற வாசகி அவள்தான்.