சித்தி வீட்டுக் கிணற்று வெள்ளம்

திருவனந்தபுரத்தைப் போல் சுத்தமான நகரம் உண்டா என்று எல்லோரும் மெச்சிக்கொண்டிருந்த காலம். எங்கள் ஸ்ரீவராகம் தெருவுக்குத் தினமும் காலையில் வண்டி வந்து குப்பையை அள்ளிக்கொண்டு போகும். நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில் ஆலை கட்டி, அந்தக் குப்பையை உரமாக்கினார்கள். அப்பாவுக்கு அந்தத் திட்டத்தின் அலுவலகத்தில்தான் வேலை. பத்து வயதுப் பெண்ணான நான் அதைப் புகழ்ந்து பள்ளியில் கட்டுரை எழுதிப் பரிசுகூட வாங்கினேன். என் சித்தி குடியிருந்தது அந்தக் கிராமத்தில்தான் என்பதை மட்டும் எழுதவில்லை.

சித்தப்பா அங்கே பள்ளி ஆசிரியர். ஐந்து சென்ட் நிலத்தில் ஒரு வீடு, ஒரு கிணறு. ஆலை வந்த இரண்டாவது மழைக்காலத்தில், குன்றாகக் குவிந்துகிடந்த குப்பையிலிருந்து கறுப்பாக வழிந்த நீர் அந்தக் கிணற்றில் இறங்கிவிட்டது. சித்தியின் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. எங்கள் தெருவில் ஈ இல்லை. எல்லா ஈயும் அவர்கள் சோற்றில் இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சித்தி குழந்தையோடு வந்தாள். பையிலிருந்து ஒரு ஸ்க்வாஷ் பாட்டிலை எடுத்து அப்பாவின் முன்னால் வைத்தாள். உள்ளே பால் விடாத கட்டன்சாயா நிறத்தில் தண்ணீர். தண்ணீரை நாங்கள் வெள்ளம் என்றுதான் சொல்வோம்.

"அத்திம்பேர், இதுதான் எங்காத்துக் கெணத்து வெள்ளம். பொய் சொல்றோம்னு உங்க ஆபீஸ்ல விரட்டறா. நீங்களே லேபுல கொடுத்து ஒரு ரிப்போர்ட் வாங்கித் தாங்கோ. அது போரும் எனக்கு."

அப்பா பாட்டிலைத் தொடவில்லை. "வெச்சுட்டுப் போ, நான் பாத்துக்கறேன்" என்றார்.

மறுநாள் காலை ஆபீசுக்குக் கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டார். "நாத்தம் சகிக்கல. இதைக் கொட்டிட்டு, நன்னா அலம்பி, நம்ம பைப்பு வெள்ளம் புடிச்சுக் கொண்டு வா."

தேங்காய் நாரைத் திரித்து உள்ளே விட்டு, சோப்புப் போட்டு, மூன்று தடவை அலம்பினேன். பாட்டில் பளபளத்தது. "சமத்து" என்றார் அப்பா. அம்மா அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். சித்தியின் கூடப் பிறந்தவள்! அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அப்பாவையாவது பயந்தவர் என்று சொல்லி விட்டுவிடலாம். அம்மாவின் அந்த வாய்மூடலை இன்றுவரை என்னால் பொறுக்க முடியவில்லை.

குடிக்க உகந்த நீர் என்று முத்திரையோடு அறிக்கை வந்தது. அதைக் காட்டியே கிராமத்தாரைப் பொய்யர்களாக்கினார்கள். விஷயம் கேட்டு ஓடிவந்த சித்தி, காகிதத்தை இரண்டு முறை படித்தாள்.

"இது எங்க கெணத்து வெள்ளம் அல்ல, அத்திம்பேர்."

"லேபு பொய் சொல்லுமா?" என்றார் அப்பா, கூசாமல்.

சித்தி அம்மாவைப் பார்த்தாள். அம்மா பால் பொங்குகிறது என்று உள்ளே போய்விட்டாள். சித்தி குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

தண்ணீர் நன்றாகிவிட்ட சந்தோஷத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன் நான். பாட்டிலை அவ்வளவு சுத்தமாக அலம்பியது நான்தான் என்று யாரும் அவளிடம் சொல்லவில்லையே என்று கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.