விரலுக்குத் தெரியாத தட்டல்

கிளைடர் சங்கத்து மெக்கானிக்குக்கு உறுப்பினர்கள் வைத்த பட்டப்பெயர் 'வேண்டாம்'. என்ஜினே இல்லாத அந்தக் கிழட்டு விமானங்களைத் பறக்கலாமா என்று தொட்டுப் பார்த்ததும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். இந்த வருஷம் அது குறைந்திருந்தது. மனுஷன் வயசில் கனிந்துவிட்டார் என்று எல்லோருக்கும் சந்தோஷம்.

சோதனைக்கு இரண்டு பேர் வேண்டும். உதவிக்கு வரும் அவர் மச்சினன் வெளியே நின்று, இறக்கையின் ஓரத்தில் அசையும் பலகையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான். இவர் உள்ளே உட்கார்ந்து, அதை இயக்கும் தடியை மெல்ல அசைப்பார். நடுவில் ஏதாவது இணைப்பு தேய்ந்திருந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒரு தட்டல் விரலில் படும். அந்தப் பாகத்தை மாற்றியே ஆகவேண்டும்.

அன்றும் ஒரு கிளைடரைப் பார்த்துவிட்டு "சுத்தமா இருக்கு" என்று இறங்கினார்.

"நின்னு நின்னு என் இடுப்பு போச்சு, மாமா. நீங்க பிடிங்க, நான் உக்காந்து ஒரு தடவ பாக்கறேன்" என்று மச்சினன் ஏறினான். தடியை அசைத்தவன் நிமிர்ந்தான். "நல்லா தட்டுதே. உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியலை."

"காலையில மஞ்சளையும் நீங்கதானே பாத்தீங்க?"

மஞ்சள் கிளைடர் வானத்தில் இருந்தது. அதற்குள் அவர் மகள். ரேடியோவில் கூப்பிட்டு இறக்கினார்கள்.

"நல்லாத்தானே பறந்துச்சு, அப்பா? நீங்கதான் சரின்னீங்க."

"அதாம்மா பயம்."

மச்சினன் கையில் மஞ்சளும் தட்டியது. இந்த வருஷம் தன் கை சரி என்று விட்ட கிளைடர்கள் எல்லாவற்றையும் நிறுத்திப் பிரிக்கச் சொன்னார். கிழவர் பழையபடி ஆரம்பித்துவிட்டார் என்று சங்கம் சலித்துக்கொண்டது.

மஞ்சளில் ஏறி உட்கார்ந்தவர் இறங்கவில்லை. மகள் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்க, தடியை அசைத்து அசைத்துப் பார்த்தார். அவர் விரலுக்கு எல்லாமே புத்தம்புதிதாகத்தான் இருந்தது.