கழுத்துக்கு வந்த கத்தி

1930களில் மலாயாவின் மூவார் நகரில் ஒரு ரப்பர் சப்பாத்துக் காலணி ஆலையில் வேலை செய்தேன். சுழலும் இரண்டு உருளைகளுக்கு நடுவே ரப்பரோடு கந்தகத்தூளைக் கலப்பேன். கலந்ததைக் கத்தியால் அறுத்தெடுப்பவன் ஆ செங் என்ற சீனத் தொழிலாளி. ஒருநாள் எங்களுக்குள் அடிதடி. “உன்னைக் கொல்லாம விடமாட்டேன்” என்று மலாய் மொழியில் கத்தினான்.

மறுநாள் நான் உருளைகள்மேல் குனிந்தபோது, கழுத்தில் சுற்றியிருந்த துண்டை உருளை கவ்வி இழுத்தது. முகம் சூடான ரப்பரை நெருங்கியது. ஆ செங் கத்தியோடு பாய்ந்து வந்தான். முடிந்தது என்று கண்ணை மூடினேன்.

“அசையாதே!”

கத்தி என் தொண்டையை உரசிக்கொண்டு போய்த் துண்டை அறுத்தது. பின்னால் விழுந்தேன்.

“நேத்து கொல்லுவேன்னியே?” என்றேன், மூச்சு வாங்க.

“அது நேத்து லா,” என்று மலாயாப் பேச்சின் ‘லா’வை இழுத்துச் சொல்லி, என்னைத் தூக்கிவிட்டான்.

கோபத்தில் சொன்ன சொல்லை வைத்து ஒருவரை எடைபோடுவதை அன்றோடு விட்டேன்.