இரண்டு விரல் இடைவெளி

போன வாரம் மகனுடைய காருக்கு டயர் மாற்றக் கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தோம். கண்ணாடிக் கதவும் காபி மிஷினும் உள்ள கடை. அங்கிருந்த தம்பி கைபேசியில் வண்டி எண்ணைத் தட்டினார். இன்ன அளவு டயர் என்று அதுவே சொல்லிவிட்டது. மாட்டி முடித்ததும், பழக்க தோஷம், நான் குனிந்து டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்த்தேன். "அங்க என்ன சார் தேடுறீங்க?" என்றார் தம்பி. நாற்காலியில் உட்கார்ந்திருந்த என் மனைவி, "அவரோட மானத்தைத் தேடுறாருப்பா. சேலையூர்ல தொலைச்சது" என்றாள்.

புது டயர் வாசனை உங்களுக்கு எப்படியோ, எனக்கு அது கல்யாண வாசனை. மல்லிகையும் சந்தனமும் அப்புறம்தான். சிரிக்காதீர்கள், முழுக்கச் சொல்லிவிடுகிறேன்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எண்பதுகளின் கடைசியில் தாம்பரத்தில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய ஒரு டயர் கடையில் வேலை பார்த்தேன். லாரி, அம்பாசடர், பியட், இவ்வளவுதான் எங்கள் உலகம். காலையில் கடை திறந்ததும் பிள்ளையார் படத்துக்குக் கற்பூரம் காட்டி, அதே தட்டை டயர் அடுக்குக்கும் ஒரு சுற்றுச் சுற்றுவேன். எதிரே பஞ்சர் கடை வைத்திருந்த காசிம் பாய், "டயருக்கெல்லாம் சாமி கும்புட்டா என் பொழப்பு இன்னாத்துக்கு ஆவறது?" என்று தினமும் கேட்பார்.

அந்தக் கடைக்குத்தான் ஒருநாள் ஜெயராஜ் சார் தன் காரைக் கொண்டுவந்தார். ரயில்வேயில் பெரிய வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கேம்ப் ரோட்டில் வீடு. கார் சீமை வண்டி, நல்ல சிவப்பு, இரண்டே சீட்டு. கூரை கிடையாது, மழை வந்தால் பின்னால் மடித்து வைத்திருக்கும் படுதாவை இழுத்து மூட வேண்டும். அது ரோட்டில் போனால் பஸ்ஸில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஆனால் நான்கு டயரும் பித்தவெடிப்பு வந்த குதிகால் மாதிரி வெடித்திருந்தன.

அப்போது எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை அழைப்புக்கு அம்பாசடர் ஏற்பாடு செய்வதாக மாமனார் சொன்னதும், எனக்கு என்ன திமிரோ, "வேணாம் மாமா. நான் வர்ற வண்டிய தெருவே நின்னு பாக்கும்" என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். கையில் வண்டி எதுவும் இல்லாமல்தான் அந்தப் பேச்சு. ஆகவே சிவப்புக் கார் வந்து நின்றபோது பிள்ளையாரே அனுப்பியதாகத்தான் எடுத்துக்கொண்டேன். தயங்கித் தயங்கி சாரிடம் கேட்டேன். "டயரைச் சரியா போட்டுக் குடு. உன்ன நானே ஓட்டிட்டுப் போறேன்" என்றார்.

சரியான டயர் எங்கே கிடைக்கும்? மவுண்ட் ரோடு முழுக்க அலைந்தேன். அந்த அளவைச் சொன்னாலே கடைக்காரர்கள் என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார்கள். கடைசியில் புதுப்பேட்டையில் அச்சாக அதே அளவில் நான்கு கிடைத்தன. பார்க்கப் பளபளவென்று இருந்தன. நகத்தால் கீறிப் பார்த்தேன். நல்ல ரப்பர் நகத்தைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். இது சிலேட்டைக் கீறுவதுபோல் இருந்தது. எத்தனை வருடம் பரணில் கிடந்ததோ, வேண்டாமென்று வைத்துவிட்டேன்.

மிஞ்சியது அம்பாசடர் டயர்தான். புதுசு, ரிம்மில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஆனால் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் பருமன். சாருக்கு மனசே இல்லை. மகன் வெளிநாட்டிலிருந்து கப்பலில் அனுப்புவான், மூன்று மாதம் பொறுக்கலாம் என்றார். எனக்கு முகூர்த்தம் மூன்று வாரத்தில்.

"அவசரம் காருக்கா, உனக்கா?"

"காருக்குத்தான் சார்" என்றேன். அந்தப் பொய்க்குப் பிள்ளையாரிடம் தனியாகத் தோப்புக்கரணம் போட்டிருக்கிறேன்.

மாட்டியதும் காசிம் பாய் ரோட்டைக் கடந்து வந்து பார்த்தார். "இன்னா நைனா, பொண்ணு கால்ல போலீஸ்காரன் பூட்ஸ மாட்டி வுட்ட மாதிரி கீது? ஆளு ஏறினா ஒரசும், பாத்துக்கோ."

விடுவேனா? சாரை ஓட்டும் இடத்தில் உட்கார வைத்து, பக்கத்தில் நானும் உட்கார்ந்து, பாயையே விரல் விட்டுப் பார்க்கச் சொன்னேன். இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அன்று மாலையே கோயிலில் பதினோரு தேங்காய் வேண்டிக்கொண்டேன். 'பிள்ளையாரப்பா, நானும் சாரும் போகிறவரை அந்த இடைவெளி இருக்கட்டும்.' எவ்வளவு கணக்காகக் கேட்டிருக்கிறேன் பாருங்கள்.

மாப்பிள்ளை அழைப்பன்று சேலையூர்ப் பிள்ளையார் கோயில் வாசலில் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தேன். சார் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடித் தன் பங்குக்கு ஒரு ஜெபம் சொன்னார். பழங்கள் நசுங்கின, நாகஸ்வரம் தொடங்கியது. அப்போதுதான் குழந்தைகள் ஏறினார்கள்.

இதை நான் எப்படி மறந்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை. மாப்பிள்ளை காரில் ஏறாத குழந்தை எங்கள் பக்கத்தில் கிடையாது. யாரும் கூப்பிடுவதில்லை, யாரும் தடுப்பதுமில்லை. என் அக்கா மகன் பாபு, ஆறு வயது, என் மடியில். மற்ற ஆறு பேர் பின்னால் மடித்த படுதாவின் மேலும் டிக்கியின் மேலும்.

மாடம்பாக்கம் ரோட்டில் முதல் பள்ளத்திலேயே 'கர்ர்ர்' என்றது. பிறகு அந்த வாசனை. ஊரெல்லாம் ஊதுபத்தி என்று நினைத்திருக்கும்; ரப்பர் தேய்கிற வாசனை என்று எனக்கல்லவா தெரியும். பின் சக்கரத்திலிருந்து லேசாகப் புகையும் வந்தது. சார் வண்டியை நிறுத்தி, என்னைத் திரும்பிப் பார்த்து, மிகவும் மரியாதையாக, "தம்பி, உன் ரெண்டு விரல் எங்க?" என்றார்.

யாராவது இறங்கியாக வேண்டும். குழந்தைகளைத் தூக்கப் போனால் ஏழும் ஒரே சுதியில் அழுதன. கூடவே நடந்துவந்த அக்கா, "நல்ல நாளும் அதுவுமா புள்ளைங்கள அழ வெக்காதடா" என்றாள். ஆக, இறங்கக் கூடியவன் நான் ஒருவன்தான். இறங்கினேன். பாபு மாலையைப் பிடித்த பிடியை விடவில்லை. கழற்றி அவன் கழுத்திலேயே போட்டேன். அழைப்புக்கு வந்திருந்த காசிம் பாய் விரல் விட்டுப் பார்த்து, "ஒரு வெரலு கீது, வுடுங்க சார்" என்றார். கார் நகர்ந்தது. பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கண் முழுக்கச் சக்கரத்தின் மேலேயே வைத்து, நானும் பாயும் பின்னால் நடந்தோம். தெரு நின்று பார்க்கத்தான் செய்தது.

மண்டப வாசலில் பெண்ணுடைய பெரிய அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றிருந்தார். கண்ணாடி போட்டால் போட்டோவில் நன்றாக இருக்காது என்று கழற்றி வைத்திருந்தாராம். முன்சீட்டில் மாலையோடு இருந்த உருவத்துக்கு மூன்று சுற்றுச் சுற்றி, பொட்டு வைத்து, "வலது கால எடுத்து வெச்சு வாங்க மாப்ள" என்றார். பாபுவும் வலது காலை வைத்து இறங்கிப் போய்விட்டான்.

மாடி ஜன்னலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. யாரோ வாயைப் பொத்தியும் நிற்காத சிரிப்பு. பெண் பார்க்கப் போன அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது அப்போதுதான். போன மானத்தை அதோடு மறந்துவிட்டேன். அவள்தான் மறக்கவில்லை. "ஆரத்தி எடுத்த மாப்பிள்ளை ஒருத்தர், தாலி கட்டினது வேற ஒருத்தர்" என்று முப்பது வருடத்துக்கு மேல் சொல்லிக்கொண்டிருக்கிறாள். பதினோரு தேங்காயையும் மறுநாளே உடைத்துவிட்டேன். கேட்டது இரண்டு பேருக்கு; அவர் கொடுத்தது இரண்டு பேருக்கு. பிள்ளையார் மேல் தப்பே இல்லை.

சொன்னபடி மூன்று மாதத்தில் சரியான டயர்கள் கப்பலில் வந்தன. நானே மாட்டினேன். அன்று சார் என்னையும் மனைவியையும் காரில் உட்கார வைத்துச் சாவியை நீட்டினார். எனக்குத்தான் ஓட்டத் தெரியாது. அப்படியே கால் மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு இறங்கினோம்.

பிறகு சார் மகனிடமே போய்விட்டார். கார் யாரிடம் போனதோ தெரியாது. காசிம் பாய் காலமாகிவிட்டார். அவர் பஞ்சர் பார்க்கத் தண்ணீர்த் தொட்டி வைத்திருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை.

போன தை மாதம் அதே மாடம்பாக்கம் ரோட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பைப் பார்த்தோம். பெரிய கார், கண்ணாடியெல்லாம் ஏற்றியிருந்தது. உள்ளே மாப்பிள்ளையும் வீடியோ எடுப்பவரும் மட்டும். குழந்தைகள் பின்னால் வேனில் வந்தார்கள். வண்டி எங்கள் பக்கத்தில் நின்றபோது சக்கரத்தைப் பார்த்தேன். தாராளமாக நான்கு விரல் இடைவெளி. மனைவிக்குக் காட்டினேன்.

"ஏழு புள்ளைங்க ஏறலாங்க" என்றாள்.

கொஞ்ச நேரம் நின்று பார்த்தோம். யாரும் ஏறவில்லை.