பதினெட்டு கிராம் பிளாட்டினம்

பதினோரு முறை. இந்த ஆண்டு தொடங்கியதிலிருந்து ஷேக் அலாவுதீன் வீட்டைவிட்டுப் போய் வழி தெரியாமல் நின்றது அத்தனை முறை. சமையலறை நாள்காட்டியில் பதினோரு தேதிகளைச் சுற்றிச் சிவப்பு வட்டங்கள் இருக்கின்றன. வட்டம் போட்ட அதே கைதான் தினமும் காலை ஏழு மணிக்கு இரும்புக் கேட்டைத் திறந்து, அது காற்றில் சாத்திக்கொள்ளாதபடி ஒரு பழைய அம்மிக் குழவியை முட்டுக் கொடுக்கிறது.

"பூட்டி வைக்க அவுங்க என்ன பூனையா?" என்கிறார் அவருடைய மனைவி சித்தி ஹாஜரா.

அறுபத்தாறு வயது. மலேசியாவின் ஜார்ஜ் டவுனில், மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்கு நான்கு சந்து தள்ளி வாடகை வீடு. மீன் கறி மசாலா அரைத்து, நூறு நூறு கிராமாகப் பொட்டலம் கட்டி, லிட்டில் இந்தியாவில் ஏழு கடைகளுக்குக் கொடுக்கிறார். அவர் கடந்துபோன பிறகும் அந்த இடத்தில் கொஞ்ச நேரம் வறுத்த மல்லியின் வாசனை நிற்கும். பேச்சின் நடுவே விரலை மூக்கருகே கொண்டுபோய், இன்றைக்கு வறுவல் கூடிவிட்டதா என்று பார்த்துக்கொள்வார்.

கணவரைத் தேடிப் போகும்போது, "எங்க வீட்டுக்காரரப் பாத்தீங்களா?" என்று அவர் யாரிடமும் கேட்டதில்லை. தேநீர்க் கடையில் நின்று, "மாமா டீ குடிச்சாச்சா தம்பி?" என்பார். குடித்துவிட்டார் என்றால், எந்தப் பக்கம் போனார் என்பதும் கூடவே வந்துவிடும். தொலைந்து போனார் என்ற பேச்சைத் தெருவுக்குக் கொடுக்க அவருக்கு மனமில்லை.

ஷேக் அலாவுதீனுக்கு எழுபத்து நான்கு. மார்க்கெட் ஸ்ட்ரீட் நகைக் கடை ஒன்றில் முப்பத்தெட்டு வருடம், பழைய நகை வாங்கும் மேசையில் இருந்தவர். யாராவது ஒரு வளையலைக் கொண்டுவந்தால், உள்ளங்கையில் வைத்து இரண்டு முறை லேசாக ஏற்றி இறக்கி எடையைச் சொல்வார். தராசு அதற்குப் பிறகுதான். பெரும்பாலும் அவர் சொன்னதையே அதுவும் காட்டும். புதன்கிழமைகளில் படகேறி, ரயிலேறி, புக்கிட் மெர்தாஜாம் கிளைக்குப் போவார். இப்போது கிளையும் இல்லை, கடையும் இல்லை. மறதி தொடங்கி நான்கு வருடமாகிறது.

"காணாம போறாங்க காணாம போறாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. அவுங்க வேலைக்குப் போறாங்க. கடைதான் அங்க இல்ல."

வேலைக்குப் போகிறவர் வழியில் அவமானப்படக் கூடாது என்று, அவருடைய டச் அண்ட் கோ பயணக் கட்டண அட்டையில் வாரம் தவறாமல் இருபது வெள்ளி (ரிங்கிட்) ஏற்றி வைக்கிறார் சித்தி ஹாஜரா. ஷா ஆலமில் இருக்கும் மகன் ஹாரிஸுக்கு இது தெரிய வந்தபோது, உடனே தொலைபேசியில் அழைத்துக் கேட்டார். "நீங்களே காசு போட்டு அனுப்பி வைக்கிறீங்களாம்மா?"

ஹாரிஸ் பொறுப்பில்லாத மகன் அல்ல. இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். அப்பா அதைக் கழற்றிக் கச்சான் கடலை விற்பவரிடம் கொடுத்துவிட்டு வந்தார். பெயரும் முகவரியும் எழுதிய பிளாஸ்டிக் பட்டை வாங்கிக் கட்டினார். அது ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. சட்டைப் பையில் வைத்த அட்டை துவைப்பில் கூழானது. பதினோராவது முறை, ஒன்பது மணி நேரம் கழித்து, சுங்கை பாக்காப்பில் லாரிகள் விரையும் சாலையோரம், மழையில் செருப்பில்லாமல் நின்றவரைப் போலீஸ் கூட்டி வந்தது. மறுநாளே ஹாரிஸ் வந்தார்.

"இன்னொரு தடவ இப்படி நடந்துச்சுன்னா கேட்டுக்குப் பூட்டு. இல்ல, ரெண்டு பேரும் என்கூட வந்துருங்க. பன்னெண்டாவது மாடி. எங்கயும் போக முடியாது."

"மகன் சொல்றதும் நியாயந்தான்," என்று ஒத்துக்கொள்கிறார் சித்தி ஹாஜரா. பிறகு மசாலா வாளியின் விளிம்பைத் துடைத்தபடி, "அந்தப் பன்னெண்டாவது மாடியில அவுங்க கால் என்ன செய்யும்?" என்று கேட்கிறார். பதிலுக்குக் காத்திருக்கவில்லை.

அதற்கடுத்த வாரம் நடந்த ஒரு சின்னச் செயலிலிருந்துதான் மற்றதெல்லாம். வழக்கம்போலக் கட்டிய பொட்டலங்களைக் கணவர் முன்னால் அடுக்கியிருந்தார். அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தவர், ஒன்றை மட்டும் தனியே தள்ளினார்.

"கொறையுது."

சித்தி ஹாஜரா அதைத் தராசில் வைத்தார். தொண்ணூற்று மூன்று கிராம். மகன் பெயர் மறந்துவிட்ட மனிதர் ஏழு கிராம் குறைவதைச் சொல்லிவிட்டார். "என்ன மறந்தாலும் கை மறக்கல. அன்னிக்குத்தான் புரிஞ்சுச்சு, நாம குடுத்ததெல்லாம் அவுங்க ஏன் கழட்டி வீசுறாங்கன்னு. எல்லாம் தக்கை மாதிரி. கையில எடுத்தா ஒண்ணுமே இல்ல."

அப்படியானால் கை மதிக்கிற கனத்தில் ஒன்று வேண்டும்; அதற்குள் பெயரும் எண்ணும் இருக்க வேண்டும். லாக்கெட் என்று முடிவு செய்தார். எந்த உலோகம் என்பதில்தான் சிக்கியது.

தங்கம் கனம்தான். ஆனால் ஆண்கள் தங்கம் அணிவது மார்க்கத்தில் கூடாது. "முப்பத்தெட்டு வருஷம் தங்கத்தத் தொட்டவங்க. ஒரு மோதிரம் போட்டதில்ல, எங்க கல்யாணத்துக்குக்கூட. இப்ப அவுங்களுக்கு வெளங்காத நேரம் பாத்து மாட்டிவிட்டா, அது துரோகம்." பிளாட்டினம் என்ற பெயரை அவருக்குச் சொன்னவர், குவீன் ஸ்ட்ரீட் நகைக் கடை ஒன்றின் விற்பனைப் பெண் ஜெகதீஸ்வரி. அது கூடுமா என்று கேட்க, பள்ளிவாசல் உஸ்தாதிடம் போனார்.

"தங்கம் கலக்காததுன்னா பரவாயில்ல. இது வேற உலோகம்," என்றார் உஸ்தாத். பிறகு சந்தேகத்தோடு, "உள்ள என்ன வைக்கப் போறீங்க? தாயத்து மாதிரி ஏதும் எழுதுறீங்களா?"

"போன் நம்பர்."

உஸ்தாத் கொஞ்சம் யோசித்தார். "அது தாயத்துல சேராது," என்றார்.

கடையில் நடந்ததை, இவர்களைப் பற்றி எழுத வந்த எனக்கு நடித்தே காட்டினார் ஜெகதீஸ்வரி. வெல்வெட் தட்டில் ஒரே அளவில் மூன்று லாக்கெட்கள். முதலில் இரும்பு, துருப்பிடிக்காத வகை. ஷேக் அலாவுதீன் அதை எடுத்த வேகத்தில் வைத்தார். "தகரம்மா இது. எடுத்துட்டுப் போங்க." கடைக்காரியை வாடிக்கையாளராகவும், தன்னைக் கடைக்காரராகவும் நினைத்துவிட்டிருந்தார். அடுத்தது வெள்ளி. உள்ளங்கை இரண்டு முறை ஏறி இறங்கியது. "ஒம்பது." தராசில் ஒன்பது புள்ளி ஒன்று. அதையும் தள்ளிவிட்டார்.

மூன்றாவது, ஆறு வருடமாகக் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்த பிளாட்டினம். "வெள்ளையா இருக்கிற நகைய நம்ம ஆளுங்க தொட மாட்டாங்க," என்கிறார் ஜெகதீஸ்வரி. "இவ்ளோ காசு குடுத்து வாங்கி, பாக்குறவங்க வெள்ளின்னு நெனச்சா என்ன பண்றதும்பாங்க. மொதலாளியே மறந்துட்டாரு, அது அங்க இருக்குன்னு."

உள்ளங்கை ஏறியது, இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. பிறகு மூன்றாவது முறையும் ஏறியது. முப்பத்தெட்டு வருடத்தில் அவர் மூன்றாவது முறை ஏற்றிப் பார்த்ததாக சித்தி ஹாஜராவுக்கு நினைவில்லை.

"பொன்னு மாதிரி கனக்குது. பொன்னு இல்ல." அவர் நிமிர்ந்து பார்த்தார். "யார் கொண்டாந்தது?"

"நாந்தான்," என்றார் சித்தி ஹாஜரா.

"பதினெட்டு இருக்கும். விக்காதீங்கம்மா. வச்சுக்குங்க." சொல்லிவிட்டு விரல்களை மூடிக்கொண்டார். திருப்பித் தரவில்லை. விரலிடுக்கில் தொங்கிய விலைச் சீட்டை அங்கேயே ஸ்கேன் செய்துதான் பில் போட வேண்டியிருந்தது. ஆறாயிரத்துச் சொச்சம் வெள்ளி. இரண்டாவது உம்ரா யாத்திரைக்கென்று சித்தி ஹாஜரா சேர்த்து வைத்திருந்த பணம். அதைப் பற்றி அவர் சொன்னது ஒரே வரி: "ஒரு தடவ போயிட்டு வந்தாச்சு."

உள்ளே ஒரு பக்கம் ஷேக் அலாவுதீனின் பெயரும் மனைவியின் கைப்பேசி எண்ணும் பொறிக்கப்பட்டன. மறுபக்கம் சித்தி ஹாஜராவின் படம், முப்பது வயதில் எடுத்தது. இப்போதைய முகம் கணவருக்குச் சில நாள் பிடிபடுவதில்லை. அந்தப் பழைய முகம் பிடிபடுகிறது.

கறுப்புக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் தொங்கவிட்டார்கள். மூன்றாம் நாள் கயிறு மட்டும் குளியலறைத் தரையில் கிடந்தது. அதைப் பார்த்ததும் சித்தி ஹாஜரா கணவரைத் தேடினார். ஓடிப்போய்ப் பார்த்தால், லாக்கெட் அவர் கைக்குள் இருந்தது. அன்றிலிருந்து அது கழுத்துக்குப் போகவில்லை. தூங்கும்போதும் கையில்தான். அதோடு நிற்கவில்லை. பார்க்கிறவர்களிடமெல்லாம் நீட்டி, "எவ்வளவு இருக்கும், சொல்லுங்க பாப்போம்," என்று கேட்க ஆரம்பித்தார். வாழைப்பழம் பொரிக்கும் பழனியப்பன் ஐம்பது கிராம் என்று சொன்னதற்கு ஒரு மதியம் முழுக்கச் சிரித்தார்.

ஹாரிஸுக்கு இது இன்னொரு கவலை. "ஆறாயிரம் வெள்ளிய யார் கையிலயாச்சும் குடுத்துட்டு வந்து நிப்பாரும்மா."

"வெளுத்துப்போய்க் கெடக்கு. இரும்புன்னு நெனச்சு வாங்குனவங்களே திருப்பிக் குடுத்துருவாங்க. மஞ்சளா இருந்தாத்தானே பயம்."

நான் அந்த வீட்டுக்குப் போன மூன்றாவது நாள் புதன்கிழமை. பத்து மணிக்குக் கேட்டைத் தாண்டியவர் பதினொன்றுக்கும் வரவில்லை. சித்தி ஹாஜரா தேநீர்க் கடையில் வழக்கமான கேள்வியைக் கேட்டார். மாமா இன்றைக்கு டீ குடிக்கவில்லை. அடுத்த ஒரு மணி நேரம் எடை போட்ட பொட்டலங்களையே மறுபடி மறுபடி எடை போட்டார். பன்னிரண்டு மணி ஐந்து நிமிடத்துக்குக் கைப்பேசி அடித்தது.

"அம்மா, நான் யுகேந்திரன், புக்கிட் மெர்தாஜாம் ரயில் ஸ்டேஷன்ல செக்யூரிட்டி. இங்க ஒரு பெரியவரு என் கையில ஒரு டப்பாவக் குடுத்து எவ்வளவு இருக்கும்னு கேட்டாரு. தெரியலங்கய்யான்னேன். தொறந்து பாத்தா உங்க நம்பர்."

"அவுங்க நனைஞ்சிருக்காங்களா?"

"இல்லம்மா. ஃபேனுக்குக் கீழ உக்காந்திருக்காரு. எனக்குக் கை பழகலன்னு திட்டுறாரு."

ஹாரிஸிடம் சொல்லாமலே இருந்திருக்கலாம். அவருக்குத் தெரிய வழியில்லை. கணவரைக் கூட்டி வர நாங்கள் ஏறிய படகு நகர்ந்ததும் சித்தி ஹாஜராவே மகனை அழைத்தார். உட்காரவில்லை. கம்பியைப் பிடித்து நின்றபடி, சுற்றி வளைக்காமல் சொன்னார்: "பன்னெண்டாவது தடவ. கண்டுபிடிச்சாச்சு. ரெண்டு மணி நேரம்."

அந்தப் பக்கத்திலிருந்து ஹாரிஸின் குரல் எனக்கும் கேட்டது. "பூட்டு வாங்கி வச்சுட்டேன்மா."

"கொண்டு வா. வந்து மொதல்ல உங்க அத்தா நீட்டுறதக் கையில வாங்கி, எவ்வளவு இருக்கும்னு சொல்லு. அப்புறம் பூட்டுறதப் பத்திப் பேசலாம்."

நிலையத்தில் யுகேந்திரன் எங்களைப் பார்த்துத் தயங்கினார். "படத்துல உள்ளவங்க வரலையாம்மா? மகளா?"

"நாந்தான் தம்பி. கொஞ்சம் வயசாயிருச்சு."

ஷேக் அலாவுதீன் மனைவியைப் பார்த்தார். ஒரு வாடிக்கையாளரைப் பார்க்கும் மரியாதையோடு பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார். லாக்கெட்டை நீட்டினார்.

"எவ்வளவு இருக்கும், சொல்லுங்க."

சித்தி ஹாஜரா அதை உள்ளங்கையில் வைத்தார். அவசரப்படாமல் இரண்டு முறை ஏற்றி இறக்கினார். "பதினெட்டு."

"இந்தத் தம்பிக்குச் சொல்லிக் குடுங்க," என்றார் அவர், திருப்தியாக. பிறகு சுற்றிலும் பார்த்தார். "கடை மூடுற நேரமாச்சா?"

"ஆச்சு மச்சான். கெளம்புவமா?"

லாக்கெட்டை அவர் கையில் திரும்ப வைத்து, ஐந்து விரல்களையும் ஒவ்வொன்றாக மடக்கி மூடினார் சித்தி ஹாஜரா. மூடிய பிறகும் கொஞ்ச நேரம் அந்தக் கையை விடவில்லை. ரயில் வந்தது.

மாலையில் நாள்காட்டியில் பன்னிரண்டாவது வட்டம் விழுந்தது. மறுநாள் காலை ஏழு மணிக்கு அவர் கேட்டைத் திறந்து, குழவியை எடுத்து முட்டுக் கொடுத்தார். பூட்டோடு ஹாரிஸ் வரும் பஸ் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேரும்.